காலிப்பரைக் கையில் கொடுத்துத் தொடங்குதல்: பல் சீரமைப்பு மாணவர்களுக்கு ஆய்வு முறையும் புள்ளியியலும் கற்பிக்க ஒரு வழி

பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர் தம் மூன்றாண்டுப் படிப்பில் புள்ளியியலை இரண்டு முறை சந்திக்கிறார். முதலாண்டு முடிவில் எழுதும் அடிப்படை அறிவியல் தாளின் ஓரத்தில் அது முதன்முறை வருகிறது. வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு அவர் அதை மறந்துவிடுகிறார். ஆய்வேட்டுக்கான அளவுகளையெல்லாம் எடுத்து முடித்து, எக்செல் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, "சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" என்று ஒரு வாசலில் வந்து நிற்கும்போது அது இரண்டாம் முறை வருகிறது. அந்த வாசல் பல ஆண்டுகளாக என்னுடையதாக இருந்துவருகிறது. நான் பல் சீரமைப்புப் படித்தவன். புள்ளியியலைப் பிற்பாடு, தேவை நெருக்கியதால் கற்றுக்கொண்டவன். கோரிமேடு, பிள்ளையார்குப்பம், சிதம்பரம் என்று இந்தப் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல இருப்பதால், இதே பாடத்தை எடுக்க வேண்டிய ஆசிரியர்களும் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படலாம் என்று என் வகுப்பு முறையை எழுதுகிறேன்.

முதலில் நான் எல்லோரையும் போலவே சராசரி, இடைநிலை, முகடு, இயல்நிலைப் பரவல் என்ற வரிசையில்தான் நடத்தினேன். மூன்றாவது வாரத்தில் வகுப்பில் பாதிப்பேரைக் காணவில்லை. வந்திருந்தவர்களும் அன்று மாலை கம்பி மாற்ற வேண்டிய நோயாளிகளின் பட்டியலைத்தான் மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். அளப்பதில் தொடங்கி, கேள்விக்குப் போய், ஆய்வின் அமைப்புக்கு வந்து, சோதனைகளைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். பல் சீரமைப்பு மாணவர்கள் நாள்தோறும் மில்லிமீட்டரிலும் பாகையிலும் வாழ்பவர்கள் என்பதால் இந்த வரிசை அவர்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது.

முதல் வகுப்பு: பத்து மாடல்கள்

முதல் வகுப்புக்குக் கரும்பலகை வேண்டாம். துறையின் அலமாரியிலிருந்து கீழ்த்தாடை பிளாஸ்டர் மாடல்கள் பத்தை எடுத்து, பெயர்களை மறைத்து, 1 முதல் 10 வரை எண் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு மாணவரிடமும், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை நுணுக்கமாக அளக்கும் டிஜிட்டல் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து, இரண்டு கோரைப்பற்களின் முனைகளுக்கு இடையிலான அகலத்தை அளந்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முனை தேய்ந்திருந்தால் எதை முனை என்று கொள்வது என்ற கேள்வி ஐந்து நிமிடத்துக்குள் எழும். உடனே பதில் சொல்லாமல் அவர்களையே முடிவெடுக்க விடுங்கள்; தேய்ந்த தளத்தின் நடுப்புள்ளி என்று ஒருவரும், மிஞ்சிய மேட்டின் உச்சி என்று இன்னொருவரும் எடுத்துக்கொள்வார்கள். வரையறை எழுதப்படாத அளவு என்னவாகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, மாடல்களின் எண்களை மாற்றி ஒட்டி, ஒரு வாரம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு முறை எடுத்த அளவுகளின் வேறுபாட்டை இப்போது பலகையில் எழுதலாம். காட்டாக, ஒரு மாணவரின் பத்து வேறுபாடுகள் மில்லிமீட்டரில் இப்படி அமைகின்றன என்று கொள்வோம்: 0.2, −0.1, 0.3, 0, −0.2, 0.1, 0.4, −0.1, 0.2, 0. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.40 வரும். அதை மாடல்களின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கால், அதாவது 20 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.14 மி.மீ. கிடைக்கும். டால்பெர்க் 1940 இல் தந்த இந்தச் சூத்திரம் நம் துறையின் ஆய்வேடுகளில் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எண்ணைப் போட்டுவிட்டு, அதன் பொருளைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் கடந்துவிடுகிறார்கள். ஆகவே அந்த எண்ணை வைத்துக்கொண்டு மாணவரிடம் மேலே கேளுங்கள். ஒருமுறை அளப்பதில் பிழை 0.14 என்றால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருமுறை அளந்து கழிக்கும்போது பிழை 0.2 ஆகிறது; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை அது ஏறக்குறைய 0.4 மி.மீ. வரை இருபுறமும் போகலாம். அப்படியானால், சீரமைத்த பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரீடெய்னர் போட்டிருக்கும் ஒரு பெண்ணுக்குக் கோரைப்பல் அகலம் 0.3 குறைந்திருக்கிறது என்று இந்த மாணவர் சொன்னால், பல் நகர்ந்ததா, காலிப்பர் நகர்ந்ததா? வகுப்பு அமைதியாகும் இடம் இதுதான். அந்த அமைதியிலேயே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியாததைப் பலரின் சராசரியைப் பற்றிச் சொல்ல முடியும், ஏனென்றால் கூடியும் குறைந்தும் வரும் தற்செயல் பிழைகள் சராசரியில் ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. எத்தனை பேர் தேவை என்ற கேள்விக்கு மாணவர் தாமாகவே வந்துசேரும் பாதை அது.

அதே பத்து எண்களின் சராசரி 0.08. இரண்டாம் முறை அளக்கும்போது கை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இந்தச் சராசரி சுழியத்திலிருந்து விலகி நிற்கும். அது ஒழுங்குப் பிழை. டால்பெர்க் எண் ஒன்றே இரண்டு வகைப் பிழையையும் கலந்து தருவதால், சராசரியைத் தனியே பார்க்கும் பழக்கத்தை இங்கேயே ஏற்படுத்துங்கள். பல் சீரமைப்பு அளவுகளின் பிழை பற்றி ஹூஸ்டன் 1983 இல் எழுதிய கட்டுரையை இந்த வாரத்தின் வாசிப்பாகக் கொடுக்கலாம். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அது பழசாகவில்லை. தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே படமான சீஃபலோகிராமுக்கு வரும்போது ஒன்றை வலியுறுத்த வேண்டும். பிழையை அளப்பதற்கென்று குழந்தைக்கு இரண்டாம் முறை எக்ஸ்ரே எடுப்பது நியாயமாகாது. ஒரே படத்தை இருமுறை டிரேஸ் செய்தால், அதாவது அதன்மேல் கோடு வரைந்து அளந்தால், புள்ளிகளைக் குறிப்பதில் வரும் பிழை மட்டுமே தெரியும், தலையை நிறுத்திய விதத்தில் வரும் பிழை தெரியாது. அந்த வரம்பை ஆய்வேட்டில் ஒப்புக்கொண்டு எழுதினால் போதும்.

இருவர் எடுத்த அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்பதற்கு, இரண்டு அளவுகள் சேர்ந்து கூடிக் குறைகின்றனவா என்று மட்டுமே காட்டும் ஒட்டுறவுக் கெழு போடுவது இன்னும் ஓயாத பழக்கம். அதைக் கண்ணெதிரே உடைத்துக் காட்டலாம். ஒரு மாணவரின் எல்லா அளவுகளோடும் 1 மி.மீ. கூட்டி இன்னொரு பத்தியில் எழுதுங்கள். ஒட்டுறவு சரியாக 1 என்றே வரும், ஆனால் ஓர் எண் கூட ஒத்துப்போகாது. பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986 இல் விளக்கிய வரைபடத்தை, அதாவது வேறுபாட்டை நிலை அச்சிலும் சராசரியைக் கிடை அச்சிலும் குறிக்கும் முறையை, அந்த நொடியில் காட்டினால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. கழுத்து முள்ளெலும்புகளின் வடிவத்தை வைத்து வளர்ச்சியைக் கணிக்கும் முதிர்ச்சி நிலைகளைப் போல வகைப்படுத்தும் மதிப்பீடுகளுக்குக் கப்பா, அதாவது தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒத்துப்போகும் அளவைச் சொல்லும் எண். அதிலும் எடையிட்ட கப்பா, ஏனென்றால் மூன்றாம் நிலையை நான்காம் நிலை என்பதும் ஆறாம் நிலை என்பதும் ஒரே அளவு தவறு அல்ல.

கூடையின் மேலடுக்கு

கேள்வி அமைப்பதைப் பற்றிய வகுப்பில், யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்ற நான்கு பகுதிகளையும் அரை மணியில் முடித்துவிடலாம். பாடநூல்கள் அதை நன்றாகவே சொல்கின்றன. நேரத்தை 'யாருக்கு' என்ற சொல்லின்மேல் செலவிடுங்கள். 'புதுச்சேரி மக்களின் சீஃபலோமெட்ரிக் இயல்பளவுகள்' என்பது போன்ற தலைப்போடு ஆண்டுதோறும் ஒருவராவது வருவார். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்றால் காரைக்காலும் மாஹேவும் ஏனாமும் அதில் அடக்கம். மாஹே மலையாளக் கரையில் இருக்கிறது, ஏனாம் கோதாவரிக் கரையில் இருக்கிறது. மறுபுறம், புதுவையில் உள்ள மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களில் விழுப்புரம், திண்டிவனம், கடலூர், பண்ருட்டிக்காரர்கள் எத்தனை பேர்? பாகூர்ப் பக்கம் பேருந்தில் போகிறவருக்கு எங்கே புதுவை முடிந்து எங்கே கடலூர் மாவட்டம் தொடங்குகிறது என்று தெரிவதில்லை. முழுமைத்தொகுதி, அதாவது ஆய்வின் முடிவு பொருந்த வேண்டிய மக்கள் கூட்டம், எது என்று மாணவரால் சொல்ல முடியாதபோது தலைப்பில் ஊர்ப்பெயர் இருப்பது அழகுக்குத்தான்.

கடலூர் முதுநகர் மீன் ஏலத்தைப் பார்த்திராத மாணவர் என் வகுப்பில் குறைவு. கூடையின் மேலடுக்கில் பெரிய மீனை வைப்பது எந்த வியாபாரிக்கும் தெரிந்த கலை. மேலே இருப்பதை வைத்துக் கூடை முழுவதையும் மதிப்பிடுகிறவர் ஏமாறுவார். புள்ளியியலில் முழுமைத்தொகுதியிலிருந்து ஆய்வுக்கு எடுக்கும் பகுதியை நாம் 'கூறு' என்று சொல்வதும் மீன்காரம்மா தரையில் கட்டிவைக்கும் கூறும் ஒரே சொல்தான் என்பதை வகுப்பில் சொன்னால் சிரிப்பு வரும், பாடமும் நிற்கும். பல் சீரமைப்புத் துறைக்கு வருகிறவர்கள் கூடையின் மேலடுக்கு: பல் வரிசையைப் பற்றிக் கவலைப்பட்டு, பேருந்துக் கட்டணமும் மாதாமாதம் வரும் நேரமும் உள்ளவர்கள். அவர்களை எண்ணி, இந்த ஊர்ப் பிள்ளைகளில் இத்தனை பேருக்குப் பல் வரிசை கோணல் என்று எழுத முடியாது. அதற்குப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, நகரம், கொம்யூன் என்னும் கிராமப்புறப் பகுதி என்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும்.

வளர்ச்சி என்னும் மூன்றாம் ஆள்

நம் துறையின் ஆய்வமைப்பில் பிற துறைகள் பலவற்றுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் ட்வின் பிளாக் கருவியைப் போட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன், அதைப் போடாமல் இருந்தாலும் வளர்ந்திருப்பான். முன்னும் பின்னும் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிட்டு இணை டி சோதனை போட்டு, கீழ்த்தாடை முன்னே வந்ததைக் கருவியின் கணக்கில் எழுதுவது, கோடை மழைக்கு நனைந்த வயலைக் கிணற்றின் கணக்கில் எழுதுவது போன்றது. ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்று மாணவர்களே வாதிடட்டும். அமெரிக்காவில் பல பதிற்றாண்டுகளுக்கு முன் திரட்டிய வளர்ச்சிப் பதிவுகளைப் பழைய ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளலாம் என்று ஒருவர் சொல்வார்; அந்தப் பிள்ளைகள் எந்த இனத்தவர், எந்தக் காலத்தவர், என்ன உண்டவர்கள் என்று இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலுக்கு விடும் சமவாய்ப்பு ஒதுக்கீட்டைக் கற்பிக்க ஒரு நாணயம் போதும். முதலில் மனத்துக்குத் தோன்றியபடி 'அ', 'ஆ' என்ற எழுத்துகளை இருபது முறை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டி இருபது முறை எழுதச் சொல்லுங்கள். மனம் எழுதிய வரிசை நல்ல பிள்ளையாக மாறி மாறி வரும். நாணயம் எழுதியதில் தொடர்ந்து நான்கு, ஐந்து 'அ' கூட வரும். ஒற்றைப்படை எண் வெளிநோயாளிச் சீட்டு ஒரு குழு, இரட்டைப்படை மற்றொரு குழு என்பது ஏன் சமவாய்ப்பு ஆகாது என்பதை அடுத்துப் பேசலாம்: அடுத்து வருகிறவர் எந்தக் குழு என்று முன்பே தெரிந்தால், சிரமமான நோயாளியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று கை தானாகவே முடிவெடுத்துவிடும். யார் எந்தக் குழு என்ற ஒதுக்கீட்டை ஒளி புகாத உறையில் மூடி, வரிசை எண்ணிட்டு, ஆய்வில் தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து வைப்பது அதற்காகத்தான். பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் சிறு துண்டான பிராக்கெட்டைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிவதால் சிகிச்சை செய்பவரிடமிருந்து குழுவை மறைக்க முடியாது. ஆனால் மாடலை அளப்பவரிடமிருந்து மறைக்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பிறகு, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவேடு முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறது. அறுவடை முடிந்த பிறகு விதைப்புக்கு விண்ணப்பிக்கும் வழக்கம் அங்கே செல்லாது.

அறுநூறு பிராக்கெட், முப்பது பேர்

இந்தப் பகுதியை என் சொந்தத் தவறைச் சொல்லித்தான் நடத்துகிறேன். என் ஆய்வேட்டில் இரண்டு ஒட்டுப் பசைகளை ஒப்பிட்டேன். முப்பது நோயாளிகள், ஒருவருக்கு இருபது பிராக்கெட், ஆக 600 என்று கணக்கிட்டு, கழன்றவற்றை எண்ணி, எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை வர்க்கச் சோதனை (chi-square) போட்டேன். பொங்கல் முடிந்த வாரத்தில் நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவன் வந்து வாயைத் திறந்தான். ஏழு பிராக்கெட் இல்லை. கரும்பு. அந்த ஏழையும் ஏழு தனித்தனி நிகழ்வுகளாக நான் பட்டியலில் ஏற்றியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கழன்றது ஏழு பல்லுக்கா, ஒரு பையனுக்கா, தம்பி?"

ஒரே வாயில் உள்ள பற்கள் ஒரே உணவையும் ஒரே பழக்கத்தையும் பகிர்ந்துகொள்வதால் அவை சார்பற்றவை அல்ல. இதைச் சொல்லால் விளக்குவதைவிடக் கணக்காகக் காட்டுவது நல்லது. ஒருவர் வாய்க்குள் உள்ள பற்களின் உள்ளொட்டுறவு, அதாவது அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு, 0.1 என்று வைத்துக்கொண்டால், இருபதிலிருந்து ஒன்றைக் கழித்து, 0.1 ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்ட 2.9 வரும். 600 ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 207. அறுநூறு என்று மார்தட்டியவரிடம் உண்மையில் இருநூற்றுச் சொச்சம் பிராக்கெட்டுக்கான தகவலே இருக்கிறது. வாயின் ஒரு பாதிக்கு ஒரு சிகிச்சை, மறுபாதிக்கு மற்றொன்று என்ற பிளவு வாய் அமைப்பு இந்தச் சார்பையே நமக்குச் சாதகமாக்குகிறது. ஆனால் ஒரு பக்கத்தில் பூசிய மருந்தோ கொடுத்த விசையோ மறுபக்கத்துக்குக் கடக்காது என்று உறுதி இருந்தால்தான்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் 'கைடு முப்பது என்றார்' என்பது விடையாகாது. வகுப்பில் கையாலேயே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட, வழக்கமான 5 சதவீதப் பொருளுடைமை மட்டத்துக்கும் 80 சதவீதச் சோதனைத் திறனுக்கும் (உண்மையில் இருக்கும் வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு), திட்ட விலக்கத்தின் (அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) வர்க்கத்தைக் கண்டறிய விரும்பும் வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுத்து, 15.7 ஆல் பெருக்கினால் ஒரு குழுவுக்குத் தேவையான எண்ணிக்கை கிடைக்கும். கோரைப்பல் பின்னகரும் வேகத்தில் மாதத்துக்கு 0.3 மி.மீ. வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும், திட்ட விலக்கம் 0.4 என்றால், குழுவுக்கு 28 பேர். நடுவில் 15 சதவீதம் பேர் வராமல் போகலாம் என்று எதிர்பார்த்தால் 33 பேர். இதில் 0.3 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அது கணினியிலிருந்து வருவதில்லை. எவ்வளவு வேகம் கூடினால் நோயாளியின் சிகிச்சைக் காலத்தில் அது உணரப்படும் என்ற மருத்துவ முடிவிலிருந்து வருகிறது. அந்த முடிவை எடுக்கத் தகுதியுள்ளவர் பல் சீரமைப்பாளரே என்று சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

சோதனைகள், கடைசியாக

பி மதிப்பைச் சீட்டுக்கட்டு போலக் கற்பியுங்கள். இரு குழுக்களின் இருபது அளவுகளை இருபது அட்டைகளில் எழுதி, குழுப்பெயரை மறந்துவிட்டுக் கலைத்து, பத்துப் பத்தாகப் பிரித்து, சராசரிகளின் வேறுபாட்டைப் பலகையில் ஒரு புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். மூன்றாண்டு மாணவர்களையும் சேர்த்தால் பத்துப் பேர் இருப்பார்கள். ஆளுக்குப் பத்து முறை கலைத்தால் நூறு புள்ளிகள். உண்மையில் கிடைத்த வேறுபாடு அந்தப் புள்ளிக்குவியலில் எங்கே விழுகிறது, அந்த அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு நூற்றில் எத்தனை முறை தற்செயலாகவே வந்தது என்று எண்ணினால் அந்த விகிதம்தான் பி மதிப்பு. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலைபார்த்த காசெட், சிறு கூறுகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்த தேவையால் 1908 இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் டி சோதனையை எழுதினார் என்ற செய்தியை இதன் பிறகு சொன்னால் அது ஒட்டும். மகலநோபிஸ் தம் பெயரால் வழங்கும் தொலைவளவை மனித உடல் அளவுகளை ஆராயும்போதுதான் உருவாக்கினார் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. தலையின் கோணங்களை அளக்கும் நம் மாணவர்களுக்கு அவர் ஒருவகையில் சொந்தக்காரர்.

பி மதிப்பைவிட, உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளிக்கு இருமடங்கு நேரம் கொடுங்கள். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள முன்பின் வேறுபாட்டைக் காட்டும் ஏ.என்.பி. கோணத்தில் அரைப் பாகை வேறுபாடு, பி 0.01 என்று வந்தால், பெரிய கூறில் அது நடக்கக்கூடியதே. ஆனால் அரைப் பாகையை வைத்து எந்தப் பல் மருத்துவரும் சிகிச்சைத் திட்டத்தை மாற்ற மாட்டார். அதுபோல, இருபத்தைந்து சீஃபலோமெட்ரிக் அளவுகளுக்கும் தனித்தனியே சோதனை போட்டால், எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாதபோதும் ஒன்றிரண்டு 0.05 க்குக் கீழே விழும் என்பதைப் பலகையில் பெருக்கிக் காட்டுங்கள். முதன்மை விளைவு ஒன்று, அது முன்கூட்டியே எழுதப்பட்டது என்ற விதி அதிலிருந்து பிறக்கட்டும். மென்பொருள் எதுவானாலும் பரவாயில்லை. ஆர் (R), ஜமோவி (jamovi) இரண்டும் இலவசம் என்பதால் நான் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் எழுதப்படும் என்றாலும், முடிவைத் தமிழில் ஒரு நோயாளியின் அம்மாவிடம் சொல்லும் பயிற்சியைக் கைவிடாதீர்கள். "இந்தப் பசைல பிராக்கெட் கழலறது குறைவும்மா" என்று தொடங்கிய மாணவியிடம் அம்மா வேடத்தில் இருந்தவர், "எவ்ளோ குறைவு டாக்டர்? எத்தன புள்ளைங்களுக்குப் போட்டுப் பாத்தீங்க?" என்று கேட்டார். விளைவின் அளவும் கூறின் அளவும் அவர் வாயிலேயே வந்துவிட்டன.

தேர்வுக்கு வினாத்தாள் வைப்பதில்லை. அறுபது நோயாளிகளின் மாஸ்டர் சார்ட் ஒன்றில் வேண்டுமென்றே பிழைகளைப் புதைத்து, ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்கிறேன்: 4.2 க்குப் பதில் 42, வயதுப் பத்தியில் '12 வ', விட்டுப்போன அளவுக்குச் சுழியம், ஒரே நோயாளி இருமுறை. மேல்தாடையின் நிலையைக் காட்டும் எஸ்.என்.ஏ. கோணத்திலிருந்து கீழ்த்தாடையின் நிலையைக் காட்டும் எஸ்.என்.பி. கோணத்தைக் கழித்தால் ஏ.என்.பி. வர வேண்டும் என்பதை வைத்து மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளும் நான்கைந்து இருக்கும். ஒருமுறை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் அந்தக் கழித்தலை எல்லா வரிசைக்கும் போட்டுப் பார்த்து, நான் புதைத்த ஐந்தோடு ஆறாவது ஒன்றையும் கொண்டுவந்தார். அது என் தட்டச்சுப் பிழை. அதன் பிறகு பிழைகளைப் புதைக்கும் முன் மூலக் கோப்பை இருவரை வைத்துத் தனித்தனியே உள்ளிட்டு ஒப்பிட்ட பின்னரே பூட்டி வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.